ஏழு குடும்பம், ஒரு நிலம், ஒரே பணப்பெட்டி: வெருலம் பக்கம் நடக்குமா?

உம்லோட்டிக் கரை

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச காலமாக எங்கள் ஏழு குடும்பத்துக்குள் ஓடும் பேச்சை இங்கே வைக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உள்ள வெருலத்துக்கு மேற்கே ஒரு தோட்டம் விலைக்கு வந்திருக்கிறது. பாதி கரும்பு, மீதி சும்மா கிடக்கும் மேட்டு நிலம், கீழே ஒரு ஓடை, தகரக் கூரை போட்ட பழைய வீடு. தனியாக எங்களில் யாராலும் வாங்க முடியாது. சேர்ந்தால் முடியும்.

நிலத்தைச் சேர்ந்து வாங்குவதோடு நிறுத்த எங்களுக்கு மனமில்லை. வருமானத்தையும் ஒன்றாக்கிவிட நினைக்கிறோம். விளைச்சல் பணம், வெளியே வேலைக்குப் போகிறவர்களின் சம்பளம் எல்லாம் ஒரே கணக்கில் விழும். சாப்பாடு, பள்ளிக்கூடம், வைத்தியம், வண்டி எல்லாம் அதிலிருந்து. கைச்செலவுக்குத் தலைக்கு ஒரே தொகை. எங்களில் ஒருவர் மருந்தாளுநர், இரண்டு பேர் ஆசிரியைகள், ஒரு வெல்டர், சர்க்கரை மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். யாருக்கும் கூடவோ குறையவோ கிடையாது.

1860இல் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்து இறங்கிய நம் ஆட்கள் அடுத்தவன் கரும்பில் உழைத்தார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் குத்தகை நிலத்தில் வாழையும் கத்தரியும் மிளகாயும் போட்டு டர்பனுக்கே காய்கறி கொடுத்தார்கள். அப்புறம் 1950இல் இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டம் வந்தது, தோட்டங்கள் போயின, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்தில் வரிசை வீடு கிடைத்தது. என் தாத்தாவுக்குத் தன் நிலம் என்று ஒரு முழம் இருந்ததில்லை. அதனால் இது எனக்குப் பணக் கணக்கு மட்டும் கிடையாது.

இப்படி வாழ்ந்தவர்கள், பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். எங்கே உடையும்?

ஸ்டாங்கர் செல்வி

தம்பி, நல்ல எண்ணம். ஒரே ஒரு கேள்வி. மருந்தாளுநர், ஆசிரியை, வெல்டர் எல்லாரையும் சொன்னீர்கள். ஏழு வீட்டுக்கும் சமைக்கப் போவது யார்? அவர் பெயர் உங்கள் பட்டியலில் இல்லையே.

லெனேஷியா அக்கா

எங்கள் வீட்டிலிருந்து லாலி பக்கம்தான். அங்கே காந்தியின் டால்ஸ்டாய் பண்ணை இருந்த இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். உம்லோட்டித் தம்பி கேட்பது இந்த நாட்டுக்குப் புதிது இல்லை, அதிலும் தமிழர்களுக்குப் புதிதே இல்லை.

1910 மே 30ஆம் தேதி காந்தியின் நண்பர் ஹெர்மன் காலன்பாக் 1,100 ஏக்கரை வாடகை எதுவும் இல்லாமல் சத்தியாகிரகிகளின் குடும்பங்களுக்கு விட்டுக்கொடுத்தார். ஜோகனஸ்பர்க்கிலிருந்து 21 மைல். ஏறக்குறைய ஆயிரம் பழ மரம், இரண்டு கிணறு, ஒரு ஊற்று, அரை டஜன் பேர் படுக்கக்கூடிய ஒரு சின்ன வீடு. மற்றதெல்லாம் அவர்களே கட்டிக்கொண்டது.

பண்ணை ஏன் வந்தது என்பதைத்தான் நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் சிறைக்குப் போனவர்களின் குடும்பங்களுக்கு மாதாமாதம் காசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே தொகை கொடுத்தால் ஐந்து பிள்ளை உள்ள வீடும் தனி ஆளும் ஒன்றாகிவிடும். தேவைக்கு ஏற்றபடி கொடுக்கலாம் என்றால், ஒருவர் சொல்லும் தேவை உண்மையா என்று யார் போய்ப் பார்ப்பது? அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் காந்தி எல்லாரையும் ஓரிடத்தில் சேர்த்து, ஒரே அடுப்பில் சமைத்து, ஒன்றாக உழைக்க வைத்தார். தமிழ், தெலுங்கு, குஜராத்தி, வடநாட்டுக்காரர்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி. அந்தப் போராட்டத்தின் முதுகெலும்பு தமிழர்கள். தம்பி நாயுடு போன்றவர்கள் குடும்பத்தோடு இதற்குள் வந்தவர்கள்.

சின்ன விதிகள்தான் பண்ணையைத் தாங்கின என்று நினைக்கிறேன். பண்ணை வேலையாக டவுனுக்குப் போனால் மூன்றாம் வகுப்பு ரயில் டிக்கெட். சொந்த வேலை என்றால் நடை, கையில் கட்டுச்சோறு. இரவு இரண்டு மணிக்குக் கிளம்பினால் விடிந்து நகரத்தில் இருப்பார்கள். ரயில் காசு மட்டுமா மிச்சம்? யாருக்கு எதற்குச் செலவு என்ற வாக்குவாதம் எழ வழியே இல்லாமல் போனது. செருப்புக்கூடக் கடையில் வாங்கவில்லை. காலன்பாக் மரியன்ஹில் கிறிஸ்தவ மடத்துக்குப் போய் செருப்புத் தைக்கக் கற்று வந்தார், அவரிடம் மற்றவர்கள் கற்றார்கள்.

செல்வி கேட்டதற்கு வருகிறேன். காந்தி எழுதிய கணக்கில் இளைஞர்கள் சுமார் 40 பேர், பெண்கள் 5 பேர், பிள்ளைகள் 20 முதல் 30. சமையல் ஒன்றாகத்தான் நடந்தது. அந்த ஐந்து பெண்களின் நாள் எப்படிப் போனது என்று அவர்களே எழுதியிருந்தால் இன்றைக்கு நமக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்.

மாரிட்ஸ்பர்க் மலர்

செல்வி அக்காவின் கேள்விக்காகவே எழுதுகிறேன், நீளமாக வரும்.

அமெரிக்காவில் படித்தபோது வர்ஜீனியாவில் லூயிசா பக்கம் உள்ள ட்வின் ஓக்ஸ் என்ற கூட்டு வாழ்க்கைக் குடியிருப்பில் வருகையாளராகத் தங்கினேன். 1967இல் எட்டுப் பேர் தொடங்கியது, இன்னும் நடக்கிறது. நூறு பேர் அளவில் வாழும் இடம். சேர விரும்புகிறவர் முதலில் மூன்று வாரம் தங்கி எல்லாரோடும் வேலை செய்ய வேண்டும். அப்புறம்தான் சேர்ப்பதா வேண்டாமா என்ற பேச்சு.

அங்கே சம்பளம் கிடையாது. எண்ணுவது மணியை. ஆளுக்கு வாரம் சுமார் 42 மணி வேலை. இதைக் கேட்டவுடன் ஆபீஸ் வேலையைவிட அதிகம் என்று தோன்றும். ஆனால் எதெல்லாம் அதில் சேரும் தெரியுமா? சமையல் சேரும். பாத்திரம் கழுவுவது சேரும். பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, கழிவறை தேய்ப்பது, ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப் போவது, கணக்கு எழுதுவது எல்லாம் சேரும். காய்ச்சலில் படுத்தால் அந்த மணியும் சேரும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வயது ஏற ஏற மணி குறையும். டோஃபு (சோயாப் பனீர்) செய்து விற்றுக் காசு கொண்டுவரும் ஒரு மணியும் வெங்காயம் உரிக்கும் ஒரு மணியும் ஒன்றே. நம் வீடுகளில் உள்ளேயும் வெளியேயும் வேலை பார்க்கும் பெண்ணுக்கு 42 மணி என்பது பாதி வாரத்திலேயே முடிந்துவிடும்.

வாரா வாரம் ஆளுக்கு ஒரு தாள் வரும். ஏழு நாளுக்கும் கட்டம் போட்டிருக்கும். திங்கள் காலை டோஃபு, செவ்வாய் மதியம் தோட்டம், புதன் இரவு பாத்திரம் என்று நிரப்பி வைத்திருப்பார்கள். செய்தது எவ்வளவு என்று பென்சிலால் நாமே எழுத வேண்டும். யாரும் சரிபார்க்க மாட்டார்கள். எனக்கு முதலில் நம்ப முடியவில்லை, ஏமாற்ற மாட்டார்களா என்று பக்கத்தில் தொங்குபடுக்கை பின்னிக்கொண்டிருந்தவரிடம் கேட்டுவிட்டேன். அவர் சொன்னார்: நூறு பேர் ஒரே கூடத்தில் சாப்பிடும் இடத்தில் யார் உழைக்கிறார், யார் உழைக்கவில்லை என்று தெரியாமலா போகும்?

ஆரம்பத்தில் அவர்கள் வேறு மாதிரி செய்து பார்த்திருக்கிறார்கள். யாருக்கும் பிடிக்காத வேலைக்கு மதிப்பு கூட, ஆசைப்பட்டுச் செய்யும் வேலைக்கு மதிப்பு குறைவு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த வேலை எவ்வளவு கசப்பு என்று ஆளாளுக்கு வேறு கருத்து, அதனால் ஓயாத கணக்கு. சில வருடத்தில் அதை விட்டுவிட்டு ஒரு மணி என்றால் ஒரு மணிதான் என்று வந்துவிட்டார்கள். உங்கள் ஏழு குடும்பமும் நேராக அங்கேயே போய்விடுங்கள் என்பது என் கருத்து.

இன்னொன்று. அவர்கள் பல வருடம் தொங்குபடுக்கை விற்பனையை நம்பி வாழ்ந்தார்கள், அதிலும் பெரும்பகுதி ஒரே ஒரு கடைச் சங்கிலிக்கு. அந்த ஆர்டர் நின்றபோது பெரிய அடி. டோஃபுவும் மற்ற தொழில்களும் இருந்ததால் தாங்கினார்கள். இதே மாதிரி இடங்கள்தான் இவையும்: மிசௌரியில் ஈஸ்ட் விண்ட் கடலை வெண்ணெய் விற்கிறது, வர்ஜீனியாவில் 1993இல் தொடங்கிய ஏகோர்ன் விதை விற்கிறது. மண்ணை மட்டும் நம்பிய கூட்டு வாழ்க்கை குறைவு. பக்கத்தில் ஒரு தொழில் வேண்டும்.

பழைய கணக்கர், டர்பன்

மலர் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு முன்னால் சட்டம் நிற்கிறது. அதை யாரும் தொடவில்லை என்பதால் சொல்கிறேன்.

தம்பி, ஏழு பேர் பெயரிலும் பத்திரம் எழுதலாம் என்று நினைத்திருந்தால் நில்லுங்கள். 1970ஆம் வருடத்து 70ஆம் எண் சட்டப்படி விவசாய நிலத்தைத் துண்டு போடவோ, பிரிக்காத பங்காகப் பலர் பெயரில் எழுதவோ விவசாய அமைச்சரின் அனுமதி வேண்டும். ஆகவே நிலம் ஒரே அமைப்பின் பெயரில் இருக்கட்டும். உங்களுக்குப் பொருந்துவது 2005ஆம் வருடச் சட்டப்படி பதிவாகும் கூட்டுறவுச் சங்கம். ஐந்து பேர் இருந்தால் போதும். எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. உபரியில் குறைந்தது 5 சதவீதத்தைப் பிரிக்காமல் சேமிப்பில் வைக்க வேண்டும். நீங்கள் பேசும் சமத்துவத்துக்கு இந்தச் சட்டம் ஒத்துப்போகிறது. 1996ஆம் வருடத்துப் பொதுச் சொத்துச் சங்கச் சட்டம் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். அது முக்கியமாக நிலச் சீர்திருத்தத்தில் நிலம் பெறுவோருக்காக வந்தது.

அடுத்தது கல்யாணம். தாலி கட்டுமுன் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாமல் சட்டப்படி பதிவு செய்தவர்கள் இந்த நாட்டில் கூட்டுச் சொத்துத் தம்பதிகள். உங்கள் பங்கில் பாதி உங்கள் மனைவியுடையது. ஏழு ஆண்கள் கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். நாளைக்கு ஒரு விவாகரத்து என்றால் அது தோட்டம் வரைக்கும் வரும்.

வரியும் அப்படியே. சம்பளம் வாங்கியவர் பெயரில்தான் வரி. அதை அப்படியே பொதுப் பெட்டியில் போட்டால் ஒரு வரம்புக்கு மேல் கொடை வரி கேட்பார்கள். எந்த வழியில் பணம் உள்ளே வருகிறது என்பதை எழுதிச் செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. யாராவது விட்டுப் போனால் என்ன எடுத்துப் போவார்? பதில் சொல்லிவிட்டு நிலத்துக்கு முன்பணம் கொடுங்கள்.

உம்லோட்டிக் கரை

கணக்கர் ஐயா, நன்றி. போகிறவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு போகலாம் என்றுதான் நாங்கள் பேசியிருக்கிறோம். போட்ட பணமும் நில மதிப்பு ஏறியதில் ஏழில் ஒரு பாகமும்.

செல்வி அக்கா, சமையல் பற்றி நாங்கள் தனியாகப் பேசவில்லை. ஒன்றாகச் சமைப்போம் என்பதோடு நிறுத்தியிருந்தோம்.

பழைய கணக்கர், டர்பன்

> போட்ட பணமும் நில மதிப்பு ஏறியதில் ஏழில் ஒரு பாகமும்

இரண்டு குடும்பம் ஒரே வருடத்தில் கிளம்பினால் மற்ற ஐந்து பேரும் நிலத்தை விற்றுத்தான் கொடுக்க வேண்டும். அதோடு கதை முடிந்தது. 2022 ஏப்ரல் வெள்ளம் மாதிரி ஒன்று வந்து பாலமும் ரோடும் போய், வயலில் மண் மூடிக் கிடக்கும் வருடத்தில்தான் ஆட்கள் கிளம்புவார்கள். பணம் இல்லாத நேரத்தில்தான் பணம் கேட்பார்கள்.

மாரிட்ஸ்பர்க் மலர்

ட்வின் ஓக்ஸில் நிலத்தில் யாருக்கும் பங்கு இல்லை. வரும்போது வைத்திருந்த சொத்து அவரவருடையதே. உள்ளே இருக்கும்வரை அதை எடுத்து மற்றவரைவிட வசதியாக வாழக் கூடாது, அவ்வளவுதான். போகும்போது அதை எடுத்துக்கொண்டு போகலாம், நிலத்தைக் கேட்க முடியாது. வந்து போகிறவர்கள் நிறைய. அப்படியும் 1967லிருந்து நிலம் கைமாறாமல் இருக்கிறது என்றால் காரணம் இந்த விதி.

தொடங்கியவர்களில் ஒருவரான கேட் கின்கேடே ஒரு கட்டத்தில் வெளியேறித் தனியாக வாழ்ந்தார். நோய் முற்றியபோது திரும்பி வந்தார், அவர்களே பார்த்துக்கொண்டார்கள், 2008இல் காலமானார். போனவர் திரும்பி வரும் அளவுக்கு ஒரு இடம் இருக்க வேண்டும் என்றால் போகும்போது சண்டை இல்லாமல் போக வழி இருக்க வேண்டும்.

இனாண்டா குமரன்

நான் வளர்ந்தது காந்தி தொடங்கிய பீனிக்ஸ் குடியிருப்புக்குக் கிட்டத்தில். லாலி பண்ணையைப் பற்றி அக்கா எழுதிவிட்டார், அதற்கு ஆறு வருடம் முன்னால் நம் பக்கத்தில் நடந்ததை நான் சொல்கிறேன்.

1904இல் 100 ஏக்கர், 1,000 பவுன். தகரமும் சாமானும் டர்பன் வியாபாரி பார்சி ருஸ்தம்ஜி கொடுத்தார். காந்தியின் பத்திரிகை 'இந்தியன் ஒப்பீனியன்' அச்சகத்தையே அங்கே தூக்கிக்கொண்டு போனார்கள். யாராக இருந்தாலும், எந்த நிறமானாலும், மாதம் 3 பவுன். குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் துண்டு. முதல் இதழ் அச்சாகும் ராத்திரியில் எஞ்சின் ஓடாமல் போய், தச்சர்களையும் எழுப்பி எல்லாருமாகக் கையால் சக்கரம் சுற்றினார்கள். அந்தப் பத்திரிகையில் தமிழ்ப் பகுதியும் இருந்தது. அச்சுக் கோக்கவும் எழுதவும் ஆள் கிடைக்காமல் 1906வாக்கில் நின்றுபோனது. மலர் சொன்ன மாதிரி மண்ணோடு ஒரு தொழில் அங்கேயும் இருந்தது.

ஆனால் என் கேள்வி வேறு. பீனிக்ஸைச் சுற்றி இருந்தவர்கள் ஜூலு மக்கள். கிட்டத்திலேயே ஜூலு தலைவர் ஜான் டுபே ஓலாங்கே பள்ளியை நடத்திக்கொண்டிருந்தார். இரண்டு பெரிய முயற்சிகள், நடந்து போகும் தூரம். வேலிக்கு உள்ளே சம்பளம் சமம். வேலிக்கு வெளியே? 1985 ஆகஸ்டில் இனாண்டாவில் கலவரம் வந்து பீனிக்ஸ் குடியிருப்பு எரிந்தபோது எங்கள் பக்கத்து இந்தியக் குடும்பங்கள் வீட்டை விட்டு ஓடின. 2000த்தில் காந்தி வாழ்ந்த சர்வோதயா வீட்டைத் திரும்பக் கட்டித் திறந்தார்கள். வீட்டைக் கட்டலாம். அக்கம்பக்கத்து உறவு அப்படிச் சுலபமாகக் கட்ட வராது.

உம்லோட்டி அண்ணே, நேராகவே கேட்கிறேன். கரும்பு வெட்ட யார் வருவார்கள்? ஏழு குடும்பத்தில் கரும்பு வெட்டத் தெரிந்தவர் அந்த மில் பெரியவர் ஒருவர்தான் என்று தோன்றுகிறது. கூலிக்கு ஆள் வைப்பீர்கள். அந்தத் தோட்டத்தில் ஏற்கெனவே குடியிருக்கும் குடும்பங்கள் இருந்தால் 1997ஆம் வருடச் சட்டப்படி அவர்களை உங்கள் இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது, வெளியேற்றவும் கூடாது. உங்களுக்குள் எல்லாரும் சமம், வெட்டுகிறவருக்குக் குறைந்தபட்சக் கூலி என்றால், நம் பாட்டன் வேலை பார்த்த எஸ்டேட்டுக்கும் இதற்கும் அந்த வெட்டுக்காரர் கண்ணில் என்ன வித்தியாசம் தெரியும்?

ஸ்டாங்கர் செல்வி

குமரன் கேட்டதும் நான் கேட்டதும் ஒரே கேள்வி. பட்டியலில் யாருடைய உழைப்பு விட்டுப்போயிருக்கிறது என்பதுதான். எங்கள் அம்மா கூட்டுக்குடும்பத்தில் பதினாறு பேருக்குச் சமைத்தார். காலை நாலரைக்கு எழுந்து, மில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ரொட்டியும் டபுள் பீன்ஸ் குழம்பும் டப்பாவில் கட்டி, அப்புறம் பிள்ளைகள், அப்புறம் துணி. எங்கள் வீட்டிலும் வருமானம் ஒரே பெட்டிதான், தாத்தா இடுப்பில் சாவி. எல்லாரும் அதை ஒற்றுமை என்று சொன்னார்கள். அம்மாவுக்கு ஒரு பேனா வாங்க வேண்டும் என்றாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

அதனால் சொல்கிறேன், பெட்டி ஒன்றாக இருப்பது பெரிய விஷயமே இல்லை. சாவி யாரிடம் என்பதுதான் விஷயம். மலர் சொன்ன தாள் எனக்குப் பிடித்திருக்கிறது, அதில் அம்மாவின் நாலரை மணி இருக்கும்.

வெல்டர்

நான் அந்த ஏழில் ஒருத்தன். நம்ம உம்லோட்டி அண்ணன் சொன்னதால் படித்தேன். தமிழில் தட்டிப் பழக்கம் குறைவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உள்ளுக்குள் இருந்த பயத்தை யாரும் சொல்லவில்லை. மருந்தாளுநர் அண்ணன் மாதம் கொண்டுவருவதில் மூன்றில் ஒரு பங்குதான் நான் கொண்டுவருவேன். வேலை இல்லாத மாதம் அதுவும் இல்லை. அவர் நல்ல மனிதர், ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஆனால் என் பையனுக்குக் கண்ணாடி வாங்கும்போது நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். மணிக்கணக்கு என்றால் எனக்கு அந்தப் பார்வை வேண்டாம். நான் 42 மணி டிராக்டர் பழுது பார்த்து, பம்பு ஓட்டி, குரங்கு வராமல் வேலி அடித்தால் அவருக்கும் எனக்கும் கணக்கு நேர்.

குமரன் அண்ணா கேட்டதற்கு: கரும்பு எனக்கு வேண்டவே வேண்டாம். ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து ஒரே மில்லுக்குக் கொடுக்க வேண்டும், மில் தடுமாறினால் நாமும் தடுமாறுவோம். சேம்பு, பீன்ஸ், முளைக்கீரை, மிளகாய் போட்டால் நாமே பறிக்கலாம், விடியும் முன்னே வார்விக் சந்தையில் இறக்கலாம். நம்மால் கைவைத்துச் செய்ய முடிகிற அளவுக்கு மட்டும் நடுவோம். ஆள் தேவைப்பட்டால் அவரும் சங்கத்தில் சேரும் வழியை வைப்போம்.

லெனேஷியா அக்கா

வெல்டர் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு அடுத்த வேலை பார்க்க முடியவில்லை. உங்கள் கூட்டத்தில் இதை இப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

பழைய கணக்கர், டர்பன்

எனக்கும் பிடித்தது. ஆனாலும் எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டியது என் கடமை. இன்றைய இஸ்ரேலில் கிபுட்ஸ் எனப்படும் கூட்டுப் பண்ணைகளில் முதலாவதான டெகானியாவும் 1910இல்தான் தொடங்கியது, டால்ஸ்டாய் பண்ணை தொடங்கிய அதே வருடம். அங்கேயும் எல்லாருக்கும் ஒரே பெட்டி. 1980களில் கடன் கழுத்தை நெரித்தது, இளைஞர்கள் வெளியே போனார்கள். அப்புறம் பெரும்பாலான கிபுட்ஸ்கள் ஆளுக்கு ஏற்ற சம்பளத்துக்கு மாறின. டெகானியாவே 2007இல் மாறியது. லாலி பண்ணை 1913க்குமேல் நீடிக்கவில்லை, பீனிக்ஸின் நிலத்தைக் காந்தி 1912இலேயே அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். வெளியே படித்துவிட்டு வரும் பிள்ளைகள் தன் சம்பளம் தன் கையில் என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பது பாவம் இல்லை. அதற்கும் விதியில் இடம் வையுங்கள்.

உம்லோட்டிக் கரை

நேற்று ஏழு குடும்பமும் உட்கார்ந்தோம், இந்த முறை பெண்களும் பெரிய பிள்ளைகளும். இழையை முழுக்க வாசித்தோம். வெல்டர் எழுதியதை அவர் எதிரிலேயே வாசித்தேன். மருந்தாளுநர் ரொம்ப நேரம் பேசவில்லை, அப்புறம் அவர்தான் மணித்தாளை முதலில் ஒப்புக்கொண்டார்.

முடிவானவை: நிலத்துக்கு இப்போது முன்பணம் கொடுக்கவில்லை. அடுத்த அறுவடைக் காலம் முடியும்வரை அவரவர் வீட்டில் இருந்துகொண்டே தாள் எழுதப் போகிறோம், சமையல், மாமியாருக்கு மருந்து கொடுப்பது உட்பட எல்லாம். சம்பளத்தில் ஒரு பகுதியை மட்டும் பொதுக் கணக்கில் போட்டு மளிகையும் பெட்ரோலும் அதிலிருந்து. கணக்குக்குச் சாவி இரண்டு பேரிடம், ஒருவர் பெண், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும். போகிறவர் போட்ட பணத்தைத் தவணையாக எடுத்துப் போகலாம், நிலத்தில் பங்கு கிடையாது. இதில் இரண்டு குடும்பத்துக்கு இன்னும் சம்மதமில்லை, பேசுகிறோம். கரும்பு வேண்டாம் என்பதில் எல்லாருக்கும் சம்மதம், மில் பெரியவருக்கு மட்டும் வருத்தம்.

தோட்டத்தில் குடியிருக்கும் இரண்டு ஜூலு குடும்பங்களை வரும் ஞாயிறு போய்ப் பார்க்கிறோம். வாங்குவதற்கு முன்னாலேயே பேச வேண்டும் என்று குமரனுக்கும் புரியும்.

இனாண்டா குமரன்

நானும் வருகிறேன் அண்ணே. ஜூலு பேச ஆள் வேண்டும், அதோடு அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொண்டு வருவோம், நம் திட்டத்தை அன்றைக்கே விரிக்க வேண்டாம். எத்தனை மணிக்கு?

உம்லோட்டிக் கரை

காலை ஒன்பது. வெருலம் ஸ்டேஷனில் இருந்து வெல்டர் தன் பக்கியில் (பிக்கப் வண்டி) கூட்டி வருவார்.

ஸ்டாங்கர் செல்வி

அந்த மணித்தாளின் மாதிரி ஒன்றை இங்கே போடுங்கள். எங்கள் வீட்டிலும் எழுதிப் பார்க்கிறேன்.